வளவு கிண்டினால் வரும் பானை ஓட்டுத் துண்டுகள்: கந்தரோடை, அல்லைப்பிட்டி, கோட்டை

சுன்னாகத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். கந்தரோடையில் அம்மம்மாவின் வளவில் மலசலகூடக் குழி வெட்டுகிறோம். இடுப்பளவு ஆழம் போகும்போதே ஓட்டுத் துண்டுகள் வரத் தொடங்கிவிட்டன. வேலைக்கு வந்தவர் "இது இந்தப் பக்கம் எல்லா வளவிலும் வாறதுதானே" என்று சொல்லி அள்ளிக் கதியாலோரம் கொட்டிவிட்டார். நான் பொறுக்கி வைத்திருப்பதில் மூன்று வகை தெரிகிறது. ஒன்று வெளியே சிவப்பு, உள்ளே கரிக்கறுப்பு. அடுத்தது தடித்த, சொரசொரப்பான சிவப்பு, வெளிப்பக்கம் புகைக்கறை. மூன்றாவதுதான் விசேஷம். சாம்பல் நிறம், மெல்லியது, வழுவழுப்பு, நகத்தால் தட்டினால் கணீரென்கிறது. உள்பக்கத்தில் நுணுக்கமான வெட்டுகள் வட்டமாக, வரிசை வரிசையாகப் போகின்றன.

மாமா அதைப் பார்த்துவிட்டு உரோமருடைய சாமான், கொழும்பில் நல்ல விலை போகும் என்கிறார். உண்மையா? விலை கிடக்கட்டும். இதை வைத்து அந்தக் காலத்து ஆட்களைப் பற்றி என்ன சொல்லலாம்?

மேசன்கரண்டி:
தம்பி, விற்கிற கதையை மாமாவோடு இன்றைக்கே நிற்பாட்டுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்துக்கு அடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. விற்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது எல்லாம் வீண் வில்லங்கம். தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

குழியை மூடவில்லைத்தானே? கதியாலடிக் குவியலை இனி ஒன்றும் செய்ய முடியாது, எல்லாக் காலமும் கலந்துவிட்டது. ஆனால் குழிச் சுவர் இருக்கிறது. காலை வெயில் விழும்போது பார்த்தால் மண்ணின் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்று தெரியும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை இழுக்காமல் அளவு நாடாவைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் படம் எடுங்கள். புகைக்கறைத் துண்டைக் கழுவ வேண்டாம். ஓட்டின் நுண்துளைக்குள் சமைத்த கொழுப்பு ஊறிக் கிடக்கும், ஆய்வுகூடத்தில் அதைப் பிரித்தெடுக்கலாம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் அந்தச் சாட்சியைக் குழப்பிவிடுவீர்கள்.

முதல் வகை கறுப்புச் சிவப்பு மட்பாண்டம். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். வெளிப்பக்கத்துக்குக் காற்றுப் படும், களிமண்ணில் உள்ள இரும்பு சிவக்கும். உள்பக்கம் காற்றில்லாமல் புகையோடு வேகும், கறுக்கும். வாய் விளிம்பை உற்றுப் பாருங்கள், கறுப்பு கொஞ்சம் வெளியே ஏறி நிற்கும். தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி, இங்கே கந்தரோடை, ஆனைக்கோட்டை, பூநகரி என்று ஆதி இரும்புக்கால ஊர்கள் பலவற்றில் இந்த வகைதான் கிடைக்கிறது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு கந்தரோடையில் குழி போட்டபோது இதுவும் வந்தது, உங்கள் மூன்றாவது வகையும் வந்தது.

மூன்றாவதைப் படம் பார்க்காமல் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் விவரப்படி அது ரூலெட் மட்பாண்டம், அதாவது உள்ளே பல்வெட்டு வரிசை போட்ட பாண்டம், தட்டையான பெரிய தட்டு ஒன்றின் நடுப்பகுதி. உரோமருடையது அல்ல.

வலிகாமத்தான்:
கரண்டி அண்ணை, அவசரப்படுகிறீர்கள். கந்தரோடையில் உரோம நாணயம் கிடைத்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் 1917-1919 காலத்திலேயே எழுதிவிட்டார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் இதே தட்டை எடுத்துத்தான் மேற்கத்தைய இறக்குமதி என்றார். நாணயம் உரோம், தட்டும் உரோம். இரண்டும் ஒரே ஊரில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நம்மட பெருமையை நாமே குறைத்துக் கதைப்பது ஒரு வியாதி.

மேசன்கரண்டி:
பெருமை குறையவில்லை, கூடுகிறது. கேளுங்கள்.

வீலர் 1945இல் அரிக்கமேட்டில் தோண்டியபோது அப்படித்தான் நினைத்தார். உள்ளே பல்வெட்டு வரிசை போடும் முறை மத்தியதரைக்கடல் பக்கத்துக் கைவேலை மாதிரி இருந்ததுதான் காரணம். 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அரிக்கமேட்டுச் சாமான்களை மறுபடி பரப்பி வைத்துப் பார்த்து அந்தக் கணக்கைக் கலைத்தார். கந்தரோடையில் 1970இல் வேலை செய்தவரும் அவர்தான். பாண்டத்தின் வடிவம் இந்தியாவுடையது, காலமும் வீலர் சொன்னதைவிட முந்தியது என்றார். பிறகு களியையே சோதித்தார்கள். எக்ஸ் கதிர் கொண்டு கனிமங்களைப் பிரித்துப் பார்த்தபோது, அரிக்கமேட்டுத் துண்டின் களி வங்காளத்தில் கங்கையின் கழிமுகப் பக்கம், தம்லுக், சந்திரகேதுகர் பகுதிக் களியோடு பொருந்தியது. அநுராதபுரத்துத் துண்டுகளைத் தனியாக ஆராய்ந்த இன்னொரு குழுவும், வெவ்வேறு ஊரில் கிடைத்தவை எல்லாம் ஒரே வகைக் களி என்ற முடிவுக்கே வந்தது. அதாவது ஊருக்கு ஊர் பார்த்துச் செய்த போலி இல்லை. ஒரு வட்டாரத்தில் செய்து கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள்.

நாணயக் கதைக்கு வருவோம். இலங்கையில் கிடைக்கும் உரோம நாணயங்களில் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள். ரூலெட் தட்டு கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டு மூன்று நூற்றாண்டுகளிலும் பிந்தைய இரண்டு நூற்றாண்டுகளிலும் புழங்கியது. அந்தத் தட்டில் சாப்பிட்டவர் அந்தக் காசைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். இரண்டும் ஒரே ஊர், சரி. ஒரே காலம் இல்லையே.

அடுத்தது, இதே தட்டு எகிப்தில் செங்கடலோரத்துப் பெரனிகேயில் கிடைக்கிறது, கிழக்கே பாலித் தீவில் செம்பிரனிலும் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தை உரோமின் கடைசி வாசற்படியாக வைத்துப் பார்ப்பதைவிட, வங்காள விரிகுடாவைச் சுற்றிவந்த கப்பல்களின் தரிப்பிடமாகப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வரும்.

பண்ணைப்பாலம்:
இதோடு ஒன்று சேர்க்கலாம். வெள்ளரசுக் கிளை தாமிரலிப்தியில் கப்பலேறி ஜம்புகோளத்தில் இறங்கியது என்று மகாவம்சம் சொல்கிறது. ஜம்புகோளம் என்பது மாதகல் பக்கத்துச் சம்புத்துறை, தாமிரலிப்தி என்பது இன்றைய தம்லுக். கரண்டி அண்ணை மேலே சொன்ன களியின் ஊரும் அதுதான். பிக்குகள் பிற்காலத்தில் எழுதிவைத்த கதையும் ஓட்டுத் துண்டின் கனிமமும் ஒரே கடல்வழியைக் காட்டுகின்றன. கதை நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். வழி இருந்திருக்கிறது.

வலிகாமத்தான்:
சரி, வங்காளம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வங்காளிகள் வந்து கந்தரோடையில் குடியிருந்தார்களா?

மேசன்கரண்டி:
உங்கள் வீட்டில் ஜப்பான் மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்பதற்காக ஜப்பான்காரர் குடியிருக்கிறார் என்று எழுதலாமா? சாமான் கைமாறி வரும். மாமல்லபுரத்தில் ஒருவர் ஏற்றியிருப்பார், காரைக்காலில் ஒருவர் வாங்கியிருப்பார், இங்கே ஒருவர் நெல்லுக்கோ சங்குக்கோ மாற்றியிருப்பார். துண்டைப் பார்த்து ஊர்ப்பெயரைச் சொல்லலாம், கொண்டுவந்த ஆளைச் சொல்ல முடியாது.

தீவகத்தாள்:
நான் அல்லைப்பிட்டி. எங்கள் பக்கம் உங்களுடையதற்கு ஆயிரம் ஆண்டு பிந்திய கதை. சின்ன வயதில் கடற்கரையில் வெள்ளை, பச்சை மினுக்கத்தோடு பீங்கான் துண்டுகள் பொறுக்கி எட்டுக்கோடு விளையாடுவோம். மண்சில்லைவிட அது நன்றாக வழுக்கிப் போகும். பிறகுதான் தெரிந்தது அது வட சோங் காலத்துச் சீனச் சாமான் என்று. தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் 1970களின் பிற்பகுதியில் வந்து தோண்டினார். 2018இல் சாங்காய் அருங்காட்சியகத்தார் நம் நாட்டு மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து மறுபடி தோண்டினார்கள். கிடைத்தவற்றில் பெரும்பங்கு 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை, குவாங்டொங், ஃபுஜியான் சூளைகளில் சுட்டவை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அரசவைக்குப் போகும் உயர்ந்த சாமான் அதில் குறைவு. கிண்ணம், தட்டு, மூடி, சாடி என்று மொத்தமாகச் செய்து மொத்தமாக ஏற்றிய சரக்கு. குவாங்டொங் சூளைகள் ஏற்றுமதிக்கென்றே சுட்டவை. கிண்ணத்தின் உள்ளே சீப்பால் கீறியது போன்ற கோடுகள் இருக்கும், அவசரத்தில் கீறியது நன்றாகத் தெரியும். அடிப்பக்கத்தில் மினுக்கம் பூசாமல் விட்டிருப்பார்கள், ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கிச் சுடும்போது ஒட்டாமல் இருக்க. காசைப் பார்த்துச் செய்த வேலை.

பண்ணைப்பாலம்:
அல்லைப்பிட்டிக்குப் பக்கத்தில்தான் ஊர்காவற்றுறை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டை இதோடு வைத்துப் படிக்க வேண்டும். முதலாம் பராக்கிரமபாகு, 12ஆம் நூற்றாண்டு. பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில் (ஊர்காவற்றுறையில்) வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி பாதி. குதிரை வியாபாரிக்கு இவ்வளவு சலுகை என்றால் அரசனுக்குக் குதிரை எவ்வளவு தேவைப்பட்டது என்று பாருங்கள். பீங்கான் வியாபாரிக்குப் பாதிதான்.

இன்னொன்று, கப்பல் உடைவதற்குச் சட்டமே போடுகிறார்கள் என்றால் அது அடிக்கடி நடந்திருக்கிறது. தீவுப் பக்கத்துக் கடல் ஆழம் குறைவு, பாறையும் மணல்மேடும் நிறைய.

உண்மைவிளம்பி:
வங்காளம், சீனா எல்லாம் சொல்லிப்போட்டீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கறுப்புச் சிவப்புப் பானை செய்தது தமிழரா, சிங்களவரா? ஆனைக்கோட்டை முத்திரை தமிழ் என்றால் அதோடு முடிந்ததுதானே?

மேசன்கரண்டி:
ஆனைக்கோட்டையில் 1980-81இல் இந்திரபாலா, இரகுபதி ஆகியோர் இருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஈமக்குழி தோண்டியது. எலும்புக்கூட்டோடு பானைகளும் 'கோவேத' என்று பிராமியில் எழுதிய முத்திரையும் வந்தன. எழுத்துக்கு மேல் வரியில் பெருங்கற்காலக் குறியீடுகள். நல்லது. அதே காலப் பகுதிக் கந்தரோடைக் கறுப்புச் சிவப்பு ஓட்டில் தத்தன் என்பவனின் பாத்திரம் என்று பழைய வடஇந்திய மொழியான பிராகிருதத்தில் கீறியிருக்கிறது. இதே வகைப் பாண்டம் அநுராதபுரத்திலும் அடுக்கடுக்காக வருகிறது, தமிழ்நாட்டிலும் வருகிறது.

எழுத்து ஒரு மொழியைச் சொல்லும். பானை சொல்லாது. இரண்டு பக்கத்திலும் பானையை வைத்துக் காணி உறுதி எழுதப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு இரண்டு பக்கமும் அலுத்துவிட்டது. பாக்குநீரிணைக்கு இரு கரையிலும் ஒரே மாதிரிச் சுட்டு, ஒரே மாதிரிப் புதைத்து, போய்வந்துகொண்டிருந்த சனம் என்பதுவரை ஓடு சொல்லும்.

உண்மைவிளம்பி:
இது நழுவுகிற பதில்.

மட்டுறுத்துநர்:
"ஆர் முதலில்" என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 40 பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே ஓட்டுத் துண்டு மட்டும்.

அடுப்படி:
பிள்ளைகள், எல்லாரும் கப்பல் ஏறிப் போய்விட்டீர்கள். அந்தத் தம்பி இரண்டாவதாகச் சொன்ன புகைபிடித்த சிவப்பு ஓட்டை ஒருவரும் தொடவில்லை. குழியில் கிடைத்ததில் அதுதானே கூடுதலாக இருந்திருக்கும்?

நான் மண்சட்டியில் சமைக்கிறவள், எனக்கு விளங்குகிறதைச் சொல்கிறேன். புகை எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அடியிலும் பக்கத்திலும் கரி ஏறி, கழுத்துக்குக் கிட்ட வெளிறியிருந்தால் மூன்று கல் அடுப்பில் வைத்த பானை. வாய் குறுகலென்றால் சோறோ கஞ்சியோ காய்ச்சியது, பொங்கி வழியாமல் இருக்கவும் ஆவி தங்கவும். வாய் அகலமென்றால் கறிச்சட்டி, அகப்பை போக இடம் வேண்டும். உள்பக்கம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கிண்டிக் கிண்டித் தேய்ந்தது. அடி வட்டமா தட்டையா என்றும் பார்க்கலாம். கல் அடுப்புக்கு வட்ட அடிதான் இருக்கும்.

இதையெல்லாம் ஆராய்ச்சிக்காரர் பார்ப்பதில்லையா?

மேசன்கரண்டி:
அக்கா, அகழ்வுக் குழியில் நாங்கள் படித்ததைவிட நீங்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். பார்ப்பார்கள். ஒரே மையத்தில் வட்டங்கள் வரைந்த தாளில் விளிம்புத் துண்டை நிறுத்தி, வளைவு எந்த வட்டத்தோடு ஒட்டுகிறது என்று பார்த்தால் வாயின் அகலம் வந்துவிடும். உள்ளங்கை அளவு துண்டே போதும். வெளியே தட்டிய அடையாளமும் உள்ளே சின்னப் பள்ளங்களும் இருந்தால், சக்கரத்தில் மேற்பாதியை இழுத்தபிறகு, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி அடியை உருட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் குயவர் கைவேலையும் அதுதான்.

ஆனால் உங்கள் குறை நியாயமானது. குழியில் வரும் ஓட்டில் பெரும்பகுதி இந்தச் சாதாரணச் சிவப்புத்தான். பத்திரிகைப் படத்துக்குப் போவது ரூலெட்டும் பீங்கானும். பழைய அகழ்வுகளில் சாதாரண ஓட்டை எண்ணிவிட்டு மறுபடி குழியில் போட்டு மூடுவதும் நடந்திருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் ஓட்டோடு மண்ணையும் சலிக்க வேண்டும். மன்னார் மாந்தையில், திருக்கேதீச்சரத்துப் பழைய துறைமுகத்தில், மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதக்கும் கரிந்த விதைகளை எடுத்தார்கள். நெல் ஏராளம். கி.பி. 600-700 அளவில் மிளகு, 900-1100 அளவில் ஒரேயொரு கராம்பு. கராம்பு அன்றைக்கு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அதே மாந்தையில் பாரசீக வளைகுடாப் பக்கத்து நீண்ட சாடிகளும் கிடைத்தன, ஒழுகாமல் இருக்க உள்ளே தார் பூசியவை. ஒரு கராம்பும் ஒரு தார்ச்சாடியும் ஒரே மேட்டில் என்றால் கடலின் இரண்டு கோடியும் அங்கே சந்தித்திருக்கிறது.

அடுப்படி:
சந்தோசம் தம்பி. சரக்கு போகிற பக்கம் பானை என்ன பாடுபட்டது?

பண்ணைப்பாலம்:
பெரனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியாவில் செய்த பெரிய சாடி, உள்ளே ஏழரைக் கிலோ மிளகு அப்படியே. கி.பி. முதலாம் நூற்றாண்டு. அதே கரையில் குசேர் அல் காதிமில் 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் கீறிய ஓடு, உறியில் தொங்கவிட்ட பானை. கப்பலில் ஆடினாலும் உடையாது, எலியும் ஏறாது. நம் வீட்டில் மோர்ச்சட்டி தொங்கியதும் அதே காரணத்துக்கு.

சுன்னாகத்தான்:
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு சந்தேகம். சிவப்பு ஓடு சிலவற்றின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, சுரண்டினால் மாவாக வருகிறது. அதுவும் பழசா?

அடுப்படி:
அது கருப்பணி (பதநீர்) முட்டி. சுண்ணாம்பு பூசினால் கள் புளிக்காமல் கருப்பணியாக நிற்கும். உங்கள் அம்மப்பா காலத்துப் பனையில் தொங்கியதாக இருக்கும், கிறிஸ்துவுக்கு முன் என்று எழுதிப்போடாதீர்கள்.

மேசன்கரண்டி:
ஓம், நானும் அதைத்தான் நினைக்கிறேன். மேல்மண்ணில் கிடப்பதில் பாதி அப்படித்தான் இருக்கும். அதனால்தான் ஆழம் ஆழம் என்று உயிரை வாங்குகிறேன்.

பண்ணைப்பாலம்:
யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தபிறகுதான் அந்த இடம் முக்கியமானது என்று நாங்கள் படித்தோம். டறம் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், தொல்பொருள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம் எல்லாம் சேர்ந்து 2017, 2018 காலத்தில் கோட்டைக்குள் தோண்டியபோது ஒல்லாந்தர் மண்ணுக்குக் கீழே சீனப் பீங்கான், மத்திய கிழக்குப் பக்கத்து மினுக்கப் பாண்டம், அதற்கும் கீழ்க் காலத்து ரூலெட் ஓடு என்று வந்தது. கோட்டை கட்ட இடம் தேடிய வெள்ளைக்காரன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த துறைமுகத்தின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

தீவகத்தாள்:
இந்தச் சாமான்களை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் நல்லூர் நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சிறிய இடம், வெளிச்சம் போதாது, ஆனால் கந்தரோடைச் சாமான் அங்கே இருக்கிறது.

சுன்னாகத்தான்:
கடைசியாக ஒன்று. ரூலெட் வங்காளத்துக் களி என்றால், புகைபிடித்த சிவப்புச் சட்டி எந்த ஊர்க் களி? குடாநாட்டில் கிண்டினால் சுண்ணாம்புக்கல்தானே வருகிறது.

மேசன்கரண்டி:
இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. கந்தரோடை வழுக்கையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனைக்கோட்டையும் அந்த ஆறு கடலுக்கு இறங்கும் பக்கம்தான். மாரியில் மட்டும் ஓடும் ஆறு என்றாலும் வண்டல் விடும், குளங்களிலும் களி படியும். ஆகவே உள்ளூரில் வனைந்திருக்கலாம். சோதிக்கும் வழி எளிது. ஓட்டைத் தாளைவிட மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குடாநாட்டுக்கு அடியில் மயோசின் என்ற பழைய புவிக்காலத்துச் சுண்ணாம்புக்கல். கருங்கல் பாறைக்குரிய காக்காய்ப்பொன் துணுக்கும் தேயாத, கூரான பெல்ஸ்பார் என்ற கனிமமும் ஓட்டில் நிறைய இருந்தால் அந்தப் பானை வன்னிப் பக்கமோ அக்கரையோ சுட்டது. சுண்ணாம்புத் துணுக்கும் சிப்பிப் பொடியும் இருந்தால் இங்கே. சாதாரணச் சட்டியே படகில் வந்தது என்று தெரிந்தால், தினச் சமையலுக்கே பூநகரிக் கடலைத் தாண்டிய வியாபாரம் இருந்தது என்றாகிவிடும். ரூலெட்டைவிட அது பெரிய செய்தி.

குயத்தி_பேத்தி:
இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்பப்பா குளத்துக் களி எடுத்துத்தான் வனைந்தார். சுண்ணாம்புத் துணுக்கு இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுவார். சூளையில் அது வெந்து, பிறகு ஈரம் பட்டதும் ஊதிப் பானையைப் பிளக்கும், சிலசமயம் விற்றுப் பல நாள் கழித்து. அதனால் கரண்டி அண்ணை, உள்ளூர்ப் பானை என்றாலும் ஓட்டில் சுண்ணாம்பு நிறைய இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். களியோடு என்ன மணல் சேர்த்தார்கள் என்று பாருங்கள். அப்பப்பா கடற்கரை மணல் தொடமாட்டார், சிப்பி கலந்திருக்கும் என்று.